மின்கம்பி வருமுன் வந்த பாட்டு

பேட்டரியில் பாட்டுக் கேட்பது இப்போது ஒரு தனி ரசனையாகி விட்டது. ஆம்ப்ளிஃபையரைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றி, 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே ஸ்பீக்கரில் ஓடும் அந்த மெல்லிய 'ம்ம்ம்' இரைச்சல் அப்போது இருக்காது, தம்புராச் சுருதி முடியும் இடம் வரை துல்லியமாகக் காதில் விழும் என்பது அவர்கள் கட்சி.

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் வேண்டியது டி.சி. மின்சாரம். மாற்றிக் கொடுக்கும் பகுதி சரியாக வடிகட்டாவிட்டால் அந்த அதிர்வின் மிச்சம் பாட்டோடு கலந்து வரும். பேட்டரியில் பிறப்பதே டி.சி. என்பதால் அந்தத் தொல்லை இல்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். அங்கே பேட்டரி அறை என்று ஒன்று உண்டு. இரண்டிரண்டு வோல்ட் செல்கள் வரிசையாக நிற்க, எக்ஸ்சேஞ்ச் முழுவதும் அந்த 50 வோல்ட்டில்தான் ஓடும். ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் வேலை செய்ததற்கும், காதில் வைத்தால் இரைச்சலில்லாமல் பேச்சு கேட்டதற்கும் அந்த அறைதான் காரணம்.

ஆனால் வீட்டில் பாட்டுக் கேட்கப் பேட்டரியை நம்பிய கதை ரசனையில் தொடங்கவில்லை. வேறு வழி இல்லாததால் தொடங்கியது. வீட்டுக்கு மின்கம்பி வராதவர்கள் பாட்டையும் செய்தியையும் எப்படிக் கேட்டார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நான் படித்ததும் பார்த்ததுமாகச் சேர்த்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு ரேடியோ, மூன்று பேட்டரி

1920களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வந்த வால்வு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடியவை. கரண்ட் இருந்த வீட்டிலும் அப்படித்தான். அதுவும் ஒரு பேட்டரி போதாது. வால்வின் உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க ஒன்று. அதற்கு 'ஏ' பேட்டரி என்று பெயர். பெரும்பாலும் கார் பேட்டரி மாதிரி அமிலம் ஊற்றிய ஈய பேட்டரி. வால்வுக்குள் மின்னோட்டத்தை இழுக்க உயர் வோல்ட்டேஜ் தருவது 'பி' பேட்டரி. இது நூற்றையொட்டிய வோல்ட்டில் இருக்கும் உலர் பேட்டரி. இவை போதாதென்று வால்வின் கிரிட்டுக்கு ஒரு சிறிய 'சி' பேட்டரி.

'ஏ' பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். இங்கிலாந்தில் அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கோ மோட்டார் கொட்டகைக்கோ போய் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு, வேறொன்றை வாங்கிவருவது வாராந்திர வேலை. பெரும்பாலும் வீட்டுப் பையன்கள் தலையில்தான் அது விழும். அமிலம் சிந்தினால் கால்சட்டையில் ஓட்டை, வீட்டில் சிந்தினால் கம்பளத்தில் ஓட்டை. ரேடியோவை வரவேற்ற வீட்டு அம்மாக்கள் அந்தப் பேட்டரியை வரவேற்றிருக்க மாட்டார்கள்.

இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் சுவர் பிளக்கில் ஓடும் ரேடியோ வந்தது. கனடாவின் டொரன்டோ நகரத்து எட்வர்ட் ரோஜர்ஸ் 1925இல் 'பேட்டரி இல்லாத ரேடியோ' என்றே விளம்பரம் செய்து விற்றார். 1927இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் ரேடியோலா 17 என்ற செட்டைக் கொண்டுவந்தது. நகரத்து வீடுகளில் பேட்டரிகள் பரணுக்குப் போயின. கூடவே இரைச்சலும் வீட்டுக்குள் வந்தது. அதை அடக்க இன்ஜினீயர்கள் பெரிய கண்டென்சர்களையும் காயில்களையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்று ரசிகர்கள் பேட்டரிக்குத் திரும்பி விரட்டுகிற அந்த 'ம்ம்ம்' அப்போது வந்து உட்கார்ந்ததுதான்.

காற்றாடியும் சட்டியும்

நகரம் தப்பித்தது. கிராமம்? 1930களின் நடுவில் அமெரிக்காவில்கூடப் பத்துப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் கரண்ட் இருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் தர அரசு ஒரு தனி அமைப்பை உண்டாக்கியதே 1935இல்தான். அதுவரை அங்கே ஓடியவை 'பண்ணை ரேடியோ' என்று பெயர் பெற்ற பேட்டரி செட்டுகள். ஜெனித் நிறுவனம் இந்தச் சந்தையைப் பிடிக்க ஒரு வழி கண்டது. வின்சார்ஜர் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, கூரைமேல் நிறுத்தும் சிறு காற்றாடியை ரேடியோவோடு விற்றது. காற்றாடி சுற்றி 6 வோல்ட் பேட்டரியை நிரப்பும், ராத்திரி அந்தப் பேட்டரி ரேடியோவை ஓட்டும். 6 வோல்ட்டை வால்வுக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜாக மாற்ற 'வைப்ரேட்டர்' என்ற ஒரு பாகம் இருக்கும். அது வேலை செய்யும்போது வண்டு மாதிரி ரீங்கரிக்கும். இப்போது காற்றாலை, சோலார் என்று பெரிதாகப் பேசுகிறோம். சாதாரண வீட்டுக்காரன் கூரைமேல் காற்றாடி ஏற்றியது பாட்டுக்கும், வானிலைச் செய்திக்கும், சந்தை விலைக்கும்தான்.

இன்னொரு கதை ஆப்பிரிக்காவில். இன்று ஜாம்பியா எனப்படும் வடக்கு ரொடீசியாவில் லுசாக்கா வானொலி உள்ளூர் மொழிகளில் நிகழ்ச்சி தந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டிய மக்களிடம் ரேடியோ இல்லை. கரண்ட்டும் இல்லை. அங்கே செய்தித்துறை அதிகாரியாக இருந்த ஹாரி ஃபிராங்க்ளின், ஏழைக்கும் கட்டுப்படியாகும் பேட்டரி ரேடியோ ஒன்றைச் செய்து தரும்படி கம்பெனி கம்பெனியாகக் கேட்டு அலைந்தார். கடைசியில் இங்கிலாந்தின் எவர் ரெடி கம்பெனி ஒப்புக்கொண்டது. 1949இல் வந்த அந்த நாலு வால்வு ரேடியோவின் உடம்பு, சமையல் சட்டி செய்கிற அலுமினிய வட்டம். ஒன்பது அங்குல அகலம். 'சட்டி ரேடியோ' என்ற பொருளில் சாஸ்பேன் ஸ்பெஷல் என்று பெயர் விழுந்தது. விலை 5 பவுண்டு. பேட்டரிக்குத் தனியாக 1 பவுண்டு 5 ஷில்லிங். அது 300 மணி நேரம் ஓடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேட்டரி வாங்கினால் ரேடியோவின் விலை ஆகிவிடும். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் நூறு நாளில் ஒரு பேட்டரி காலி. அதாவது ஒரு வருஷத்துக்குள் ரேடியோவின் விலைக்குச் சற்றுக் கூடக் குறைய பேட்டரிக்கே போய்விடும். இருந்தும் சில ஆண்டுகளில் பல்லாயிரம் சட்டி ரேடியோக்கள் அங்கே இறங்கின. மின்கம்பி இல்லாதவன் ஒவ்வொரு மணி நேரத்தையும் காசு கொடுத்துத்தான் கேட்டான். கம்பி வந்த வீட்டுக்காரனுக்கு அந்தக் கணக்கே தெரியாது.

நம் ஊர்க் கணக்கு

நம் பக்கமும் இதே கதைதான். தஞ்சை ஜில்லாவில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வருமுன்பே ரேடியோ வந்துவிட்டது. ஊரில் வசதியான ஒரு வீட்டில் பேட்டரி செட் இருந்தது. ரேடியோவுக்குப் பின்னால் செங்கல்லைவிடப் பெரிதாக ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். அதுதான் பேட்டரி. அதில் ஒரு பக்கம் 90 வோல்ட், இன்னொரு பக்கம் வால்வு இழைக்கு ஒன்றரை வோல்ட். தீர்ந்துபோன பெட்டியைச் சிறுவர்கள் நாங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறோம். உள்ளே சின்னச் சின்ன செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். 90 வோல்ட் என்றால் ஒன்றரை வோல்ட் செல் அறுபது. அதில் ஒன்று செத்தாலும் மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் கெடுதல்.

இந்த செட்டுகளுக்கென்றே சிக்கன வால்வுகள் வந்தன. டிகே 96, டிஎஃப் 96 என்று பழைய மெக்கானிக்குகளுக்கு நினைவிருக்கும். அவற்றின் இழைக்கு 25 மில்லி ஆம்பியர் போதும். முழு ரேடியோவும் ஏறக்குறைய ஒரு வாட்டில் பாடிவிடும். கரண்டில் ஓடும் வால்வு ரேடியோ அதைப்போல் முப்பது நாற்பது மடங்கு தின்னும். ஒரு வாட் என்பது எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு ஓர் உதாரணம்: பூஜை அறையில் எரியும் ஜீரோ வாட் பல்பு பத்து வாட்டுக்கு மேல் எடுக்கும்!

சிக்கனமாக ஓடினாலும் பேட்டரி விலை பேட்டரி விலைதான். ஆகவே அந்த வீட்டில் ரேடியோ நாள் முழுதும் பாடியதில்லை. செய்தி, ராத்திரி ஒரு மணி நேரக் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை நாடகம், அவ்வளவுதான். "போதும், மருந்து தீர்ந்துடும்" என்று பெரியவர் எழுந்து திருகுவார். பேட்டரியை மருந்து என்றுதான் சொல்வார்கள். அணைக்கும்வரை திண்ணை நிறைய ஆள் இருக்கும். பஞ்சாயத்து ரேடியோ வைத்த ஊர்களில் சாயங்காலம் கிராம நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும் போட்டுவிட்டு அறையைப் பூட்டிவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டதை இப்போது நாம் ஒற்றுமை என்று புகழ்கிறோம். ஒற்றுமை இருந்தது வாஸ்தவம். ஆளுக்கு ஒரு பேட்டரி வாங்க முடியாதது அதற்கு ஒரு காரணம். திண்ணையில் உட்கார இடம் கிடைத்தவர் யார், தெருவில் நின்று கேட்டவர் யார் என்பதும் அந்த ஒற்றுமைக்குள் உண்டு.

டிரான்சிஸ்டர் வந்தது

இந்தக் கணக்கை மாற்றியது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதை வைத்து முதலில் கடைக்கு வந்த பாக்கெட் ரேடியோ ரீஜென்சி டிஆர்-1. 1954 கடைசியில் வந்தது. நாலு டிரான்சிஸ்டர், விலை 49 டாலர் 95 சென்ட். சூடாக்க வேண்டிய இழை இல்லை, 90 வோல்ட் தேவையில்லை. சில ஆண்டுகளில் டார்ச் லைட்டில் போடும் அதே பேட்டரிக் கட்டைகளில் ஓடும் ரேடியோக்கள் வந்துவிட்டன. நம் கிராமத்துக்கு இதுதான் பெரிய மாற்றம். தனிப் பேட்டரிக்காகப் பட்டணம் போக வேண்டாம். பெட்டிக்கடையில் இரண்டு கட்டை வாங்கினால் போதும்.

1960களில் டிரான்சிஸ்டர் வயலுக்குப் போயிற்று. வரப்பில் வைத்துவிட்டு வேலை செய்தார்கள், மாட்டு வண்டியில் தொங்கவிட்டார்கள், மாப்பிள்ளை சீராகக் கேட்டார்கள். திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டு, ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் பயிரிடத் தொடங்கினார்கள். மூட்டைக்காரரிடம் போய் "ரேடியோ நெல் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். ஒரு நெல்லுக்கு ரேடியோவின் பெயர் ஒட்டிக்கொண்டது வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தச் செய்தி வயல் வரப்புவரை நடந்து போக, டிரான்சிஸ்டரும் அதற்குள் இருந்த கட்டைகளும் உதவின.

கட்டை தீர்ந்தால் உடனே தூக்கி எறிகிற வழக்கம் யாருக்கும் இல்லை. வெயிலில் காய வைப்போம். நம்மில் பலர் செய்திருப்போம். அது மூடநம்பிக்கை அல்ல. செல் வேலை செய்யும்போது நடுவிலிருக்கும் கரிக்குச்சியைச் சுற்றிச் சேரும் ஹைட்ரஜன் மின்னோட்டத்தைத் தடுக்கும். ஓய்வு கொடுத்தால் கருப்புப் பொடியான மாங்கனீஸ் டையாக்ஸைடு அதைக் கரைத்துவிடும். சூடு அந்த வேலையை விரைவாக்கும். ஆகவே ஒரு செய்தி, இரண்டு பாட்டுக்குத் தாக்குப்பிடிக்கும். கரைந்துபோன துத்தநாகக் கூடு மட்டும் திரும்ப வராது. அதையும் மறந்து உள்ளேயே விட்டுவைத்தால் ஒழுகி, ஸ்பிரிங்கை அரித்து, ரேடியோவையே தின்றுவிடும்.

பிறகு எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பிளேயர்களும் டேப் ரெக்கார்டர்களும் வந்தன. மோட்டாரைச் சுற்ற வேண்டியிருந்ததால் அவற்றுக்குப் பசி அதிகம். கட்டை இறங்கினால் ரேடியோவில் சத்தம்தான் குறையும். டேப் ரெக்கார்டரில் வேகமே குறையும். சுசீலா பாடத் தொடங்கிய பாட்டு சரணத்துக்கு வரும்போது சௌந்தரராஜன் குரலில் இருக்கும். கல்யாண வீட்டில் யாராவது "கட்டையை மாத்துப்பா" என்று கத்தினால் அதற்கு இதுதான் அர்த்தம்.

கட்டையே இல்லாத ஊர்

இதுவரை சொன்னது காசு இருந்தால் பேட்டரி கிடைத்த ஊர்களின் கதை. காசு இருந்தும் கிடைக்காத ஒரு காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து வருஷத்துக்கு மேல். அரசு விதித்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. மண்ணெண்ணெயே தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் செய்தி தெரிவது உயிர்ப் பிரச்சினை. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேச்சுவார்த்தை என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும். பி.பி.சி. தமிழோசை கேட்காமல் ராத்திரி படுக்க முடியாது. அங்கிருந்து வந்தவர்கள் சொல்லியும் எழுதியும் இருக்கிற வழி இது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். விளக்கு எரிய டயரில் உரசிக்கொண்டிருக்குமே, அந்த டைனமோவிலிருந்து வயரை எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அதுவும் ஏ.சி. ரேடியோவுக்கு டி.சி. வேண்டும். நாலு டையோடும் ஒரு கண்டென்சரும் சேர்த்தால் ஓரளவு சமமான டி.சி. கிடைக்கும். மெதுவாகச் சுற்றினால் குரல் மங்கும், வேகமாகச் சுற்றினால் வோல்ட்டேஜ் ஏறி ரேடியோவுக்கு ஆபத்து. ஆகவே கை ஒரே சீராக ஓட வேண்டும். செய்தி முடியும்வரை நிறுத்த முடியாது. சுற்றுகிற பிள்ளைக்குக் கை வலித்தால் அடுத்த பிள்ளை தயாராக இருக்க வேண்டும். பாட்டு கேசட்டையும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். கவலை நிறைந்த ஊரில் ஒரு பாட்டுக்காக அத்தனை நேரம் கை நோகச் சுற்றியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பாட்டு அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அதே 1990களில் இங்கிலாந்தில் டிரெவர் பேலிஸ் என்பவர், சாவி கொடுத்தால் ஓடும் ரேடியோவைக் கண்டுபிடித்தார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவதைப் பற்றிய ஒரு டி.வி. நிகழ்ச்சியைப் பார்த்தபோது, மின்சாரமும் பேட்டரியும் இல்லாத மக்களுக்கு உடல்நலச் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதோடு ஒரு சிறு டைனமோ. தென் ஆப்பிரிக்காவில் தயாரானது, உலகம் பாராட்டியது, பரிசும் கிடைத்தது. பாராட்ட வேண்டியதுதான். ஏறக்குறைய அதே நேரத்தில் பேடன்ட்டும் பரிசும் இல்லாமல் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்களில் அதே தேவையைச் சைக்கிள் தீர்த்துக்கொண்டிருந்தது. அதையும் வானொலியின் சரித்திரத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ரேடியோ நெல் விளைந்த அதே டெல்டாவில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்த இடத்தில் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். டவரும் பல இடத்தில் வேலை செய்யவில்லை. நிவாரணம் எங்கே தருகிறார்கள், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பது வாய்வழிச் செய்தியாகத்தான் பல ஊருக்குப் போயிற்று. கையில் இருந்த போனில் ஆயிரம் பாட்டு இருந்தும், செய்தி கேட்க ஒரு வழி இல்லை. டிரான்சிஸ்டரை எல்லாரும் எப்போதோ பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டோம்.

பேட்டரியில் ஆம்ப்ளிஃபையர் ஓட்டும் ரசிகர்கள் நன்றாக ரசிக்கட்டும். அவர்கள் காதில் விழும் அந்தச் சுத்தமான அமைதி, ஒரு காலத்தில் மருந்து தீர்ந்துவிடும் என்று திருகி அணைத்த ரேடியோவிலும் இருந்தது. மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. இரண்டு கட்டையில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். கட்டையை உள்ளே போட்டு வைக்காதீர்கள், ஒழுகிவிடும். பக்கத்தில் தனியாக வைத்திருங்கள். ஐப்பசி பிறந்ததும் ஒரு தரம் போட்டு, எந்த நிலையம் எடுக்கிறது என்று பார்த்து வையுங்கள். கஜாவுக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் யாராவது அதைச் செய்திருந்தால், ஒரு தெருவுக்காவது விஷயம் தெரிந்திருக்கும்.